வலிக்காத புண்

அரிவாள்மணை பட்டோ, வரப்பில் நடக்கையில் முள் குத்தியோ உண்டாகும் சாதாரணக் காயம், அதன்மேல் மஞ்சளை வைத்தாலும் டிஞ்சரைத் தடவினாலும், ஒன்றுமே செய்யாமல் சுத்தமான துணியொன்றைச் சுற்றிவிட்டாலும்கூட, பத்துப் பதினைந்து நாட்களில் ஆறிவிடுகிறது. ஆறியதற்கான கீர்த்தியை அப்போது எந்த மருந்து கையில் அகப்பட்டதோ அதற்குக் கொடுத்துவிட்டு நாம் நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தக் கீர்த்தியில் பெரும்பங்கு சரீரத்துக்கே உரியது. தோல் கிழிந்த மாத்திரத்தில் இரத்தம் உறைந்து காயத்தின் வாயை அடைக்கிறது. அடுத்த சில நாட்களில் வெள்ளணுக்கள் திரண்டு வந்து கிருமிகளையும் செத்த திசுக்களையும் அப்புறப்படுத்துகின்றன. பிறகு நுண்ணிய இரத்தக் குழாய்கள் துளிர்த்து, குருணை குருணையாகச் சிவந்த புதுச்சதை அடியிலிருந்து எழும்ப, ஓரங்களிலிருந்து மேல்தோல் மெல்லப் படர்ந்து மூடுகிறது. மூடிய பின்னரும் வேலை நிற்பதில்லை. வடு இறுகி வலுப்பெற மாதக்கணக்கில், சில சமயம் ஓர் ஆண்டுகூட ஆகும்.

இந்தக் கிரமம் இரண்டாம் கட்டத்திலேயே தடைப்பட்டு நின்றுவிட்டால் அந்தக் காயம் ஆறாப் புண்ணாகிவிடுகிறது. ஒரு மாதம் கழிந்தும் சுருங்காமல், நீர் கசிந்துகொண்டு, ஓரம் தடித்து, அடியில் மஞ்சளித்த சவ்வு படிந்து கிடக்கும் அத்தகைய புண்ணில் வெள்ளணுக்களின் யுத்தம் ஓய்வதே இல்லை. அவை சுரக்கும் கரைப்பான்கள் பகையோடு உறவையும் சேர்த்துக் கரைப்பதால், புதிதாக உண்டாகும் சதை உண்டாகும்போதே அழிகிறது. கிருமிகளோ தம்மைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தை நெய்துகொண்டு, மாத்திரை மருந்து தம்மை எட்டாதபடி அதற்குள் பத்திரமாக வாழ்கின்றன. இவ்வளவும் நேர்வதற்கு அடிப்படையாக வேறொரு காரணம் இருந்தே தீரும். காலுக்கு இரத்தம் வந்து சேராமலிருக்கலாம். வந்த இரத்தம் திரும்பிப் போகாமல் தேங்கலாம். ஒரே இடத்தில் ஓயாது பாரம் விழலாம். சர்க்கரை வியாதி இவற்றில் இரண்டு மூன்றை ஒருங்கே கொண்டுவந்து சேர்க்கலாம். அந்தக் காரணத்தைத் தேடாமல் புண்ணின்மேல் தடவுவதற்கு மட்டும் புதிது புதிதாக மருந்து தேடுவதில்தான் நம் மக்கள் பணத்தையும் காலத்தையும், முடிவில் காலையும் இழக்கிறார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த விஷயத்தை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துக்காட்டிய மனிதர் நம் கொல்லிமலையில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பால் பிராண்ட் என்னும் அந்த ஆங்கிலேயர், மலைமக்களிடையே ஊழியம் செய்துவந்த மிஷனரி தம்பதிகளின் புதல்வராக 1914-இல் அங்கே பிறந்து, இங்கிலாந்தில் ரண சிகிச்சை பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மறு வருஷம் செங்கற்பட்டிலிருந்த குஷ்டரோக ஆஸ்பத்திரியைப் பார்வையிட, குஷ்டரோக நிபுணரான ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப் போனார். விரல்கள் மடங்கி, தேய்ந்து, உதிர்ந்துபோன கைகளையும், அடியில் குழி விழுந்த பாதங்களையும் அங்கே கண்ட பிராண்டுக்கு எழுந்த கேள்வி எளிமையானது: இந்த வியாதியில் சதை தானாகவே அழுகி விழுகிறதென்று எல்லோரும் சொல்கிறார்களே, அது மெய்தானா?

மெய்யன்று என்று அவர் கண்டுகொள்வதற்குச் சில சின்னஞ்சிறு சம்பவங்களே போதுமானவையாக இருந்தன. துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முடியாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவ்வளவு மெலிந்த கைக்கு அத்தனை வலுவா என்று வியந்து அவன் கையைப் பிரித்துப் பார்த்தால், சாவி விரலை எலும்பு தெரியும்வரை அறுத்திருக்கிறது. பையனுக்கு அது தெரியவே தெரியாது. வலி என்று ஒன்று இருந்திருந்தால் அந்த முயற்சியைப் பாதியிலேயே கைவிட்டிருப்பான். இராத்திரியில் விரல் நுனி காணாமற்போன நோயாளிகளைப் பற்றி விசாரித்தபோதோ, உணர்வற்ற விரல்களை அவர்கள் உறங்குகையில் எலிகள் கடித்துத் தின்பது வெளிப்பட்டது. அதன்பின், சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் ஒவ்வொருவரிடமும் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்தில் பூனையை மருந்தாக எழுதிக்கொடுத்த இடம் வேறெங்கேனும் உண்டோ, அறியேன். கிருமி நரம்பைக் கெடுக்கிறது; நரம்பு கெட்டதால் வலி போகிறது; வலி போனதால் மனிதன் தன் கைகால்களைத் தானே அறியாமல் சிதைத்துக்கொள்கிறான். பிராண்ட் கண்ட உண்மையின் சாரம் இதுதான்.

பாதத்தின் அடியில் உண்டாகும் குழிப்புண்ணுக்கு இதைப் பொருத்திப் பார்த்தபோது சிகிச்சையின் வழியும் தெளிவாயிற்று. ஆணி குத்தியதால் மட்டும் அந்தப் புண் வருவதில்லை. உணர்வுள்ள நாம் சற்று தூரம் நடந்ததும், அழுந்திய இடம் கனகனப்பதை அறியாமலே அறிந்து, பாரத்தை ஓரத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். மரத்துப்போன காலோ ஆயிரக்கணக்கான அடிகளையும் அதே எலும்பு முனையின் மேலேயே வைக்கிறது. அந்த இடத்தில் முதலில் தோல் காய்த்துத் தடிக்கும். தடித்த காய்ப்பே செருப்புக்குள் கல்லைப் போல் உள்ளே அழுத்தும். காய்ப்பின் அடியில் இரத்தம் கட்டி, திசு நைந்து, ஒருநாள் திறந்துகொள்ளும். படுக்கையில் ஆறு வாரம் கிடந்தால் ஆறிவிடும் புண், எழுந்து நடந்ததும் மீண்டும் திறந்துகொள்வதன் இரகசியம் இதுவே. ஆனால் அன்றாடம் உழைத்து உண்ணும் ஏழையை மாதக்கணக்கில் படுத்திரு என்று சொல்ல எந்த வைத்தியருக்கு மனம் வரும்?

இதற்கு விடையாக வந்தது மாவுக்கட்டு. 1930-களிலேயே இலங்கையில் மில்ராய் பால் என்னும் ரண வைத்தியரும், இந்தியாவில் ஜோசப் கான் என்பவரும், குஷ்டரோகிகளின் பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிடும் முறையை விவரித்திருந்தார்கள். வேலூரிலும், 1955-இல் அதற்கருகே ஏற்பட்ட கரிகிரி குஷ்டரோக ஆராய்ச்சி நிலையத்திலும் பிராண்டும் அவருடைய சகாக்களும் அந்த முறையைக் கையாண்டு பண்படுத்தினார்கள். எலும்பு முறிவுக்குப் போடுவது போல் இடையில் பஞ்சைத் திணிக்காமல், உள்ளங்காலின் மேடு பள்ளம் ஒவ்வொன்றோடும் கெண்டைக்காலோடும் ஒட்டிப் பொருந்துமாறு மாவை வார்த்து இழைத்துவிட்டால், நடக்கும்போது விழும் பாரம் ஒரு முனையில் குவியாமல் பாதம் முழுவதிலும் பரவுவதோடு, அதில் ஒரு பகுதியைக் கட்டின் சுவர் வழியாகக் கெண்டைக்காலும் ஏற்றுக்கொள்கிறது. வீக்கம் வற்றிக் கட்டு தளர்ந்துவிடுமாதலால் முதல் கட்டைச் சில நாட்களிலேயே மாற்றவேண்டும். பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வெட்டித் திறக்கும்போது நாற்றம் மூக்கைத் துளைக்குமாம். ஆனால் கழுவித் துடைத்துப் பார்த்தால் உள்ளே சிவந்த புதுச்சதை வளர்ந்திருக்கும்.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போய், லூசியானா மாகாணத்துக் கார்வில் என்னுமிடத்திலிருந்த குஷ்டரோக ஆஸ்பத்திரியில் பணியேற்றார். அந்த நாட்டில் குஷ்டரோகம் அபூர்வம். சர்க்கரை வியாதிக்காரரோ ஏராளம். நெடுங்காலச் சர்க்கரையும் காலின் நரம்பை அவ்விதமே மரக்கச் செய்வதால், வேலூரிலும் கரிகிரியிலும் ஏழை ரோகிகளின் பாதத்தில் கற்ற பாடம் அங்கே சர்க்கரைப் புண்ணுக்குப் பிரயோகமாகி, அங்கிருந்து உலகமெங்கும் பரவிற்று. 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் புண் ஆறியது. வேண்டும்போது கழற்றி மாட்டும் பூட்ஸ் அணிந்தவர்களில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேருக்கே ஆறியது. கழற்றக்கூடியதை மனிதன் கழற்றிவிடுவான் என்பதைத் தவிர இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் இல்லை. அவ்விதம் பூட்ஸ் வாங்கியவர்களின் நடையை யந்திரம் வைத்துக் கணக்கிட்டபோது, நூறு அடியில் இருபத்தெட்டு அடிதான் பூட்ஸோடு நடந்தார்கள் என்று தெரிந்தது. வலியில்லாதவனுக்குப் புத்திமதி எட்டாது, கட்டாயம்தான் எட்டும். ஆயினும் இரத்த ஓட்டம் மிகக் குறைந்த காலுக்கும், சீழ் ஆழமாகப் பரவிய காலுக்கும் மாவுக்கட்டு ஆபத்து என்பதையும், பழகிய கையினரே அதைப் போடவேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடி. பாதப் புண் சிகிச்சை நடக்கும் அறையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், இந்த எண்ணுக்கு உருவம் கிடைக்கும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, சிறு பிடியில் பொருத்திய நைலான் இழையொன்றின் நுனியை உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை அழுத்துவார் டாக்டர். பத்துக் கிராம் பாரம் விழுந்ததும் வளையும்படி அளவெடுத்துச் செய்த இழை அது. "தொடும்போது சொல்லுங்கள் ஐயா" என்று சொல்லிப் பெருவிரல், விரலடி மேடு என்று நாலைந்து இடத்தில் தொட்டு முடித்த பிறகும், "இன்னும் ஆரம்பிக்கவில்லையா டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதே அறையில், விரலடியில் காய்த்திருக்கும் தடிப்பைக் கத்தி முனையால் ஏடு ஏடாகச் சீவி எடுக்கிறார்கள். மேலே ஒரு புளியங்கொட்டை அளவு தெரிந்த புண், சீவச் சீவ உள்ளே ரூபாய் நாணயம் அளவு குழியாக வெளிப்படுகிறது. மயக்க மருந்தில்லாமல் அவ்வளவும் நடக்கையில் அந்த மனிதர் பக்கத்திலிருக்கும் தம் மகனிடம் பஸ் நேரத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார். உலோகக் கம்பி ஒன்றைக் குழிக்குள் மெல்ல விட்டு, அது கரகரவென்று எலும்பில் தட்டுகிறதா என்று டாக்டர் பார்க்கிறார். தட்டினால், எலும்புவரை கிருமி போயிருக்கிறதோ என்று மேற்கொண்டு ஆராய வேண்டியிருக்கும்.

இத்தகைய காலுக்கு நம் அன்றாட வாழ்வே சத்துருவாகிவிடுகிறது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு பிரதட்சிணம் வந்தவருக்கு, வீடு திரும்பிய பிறகே உள்ளங்கால் முழுவதும் கொப்பளித்திருப்பது தெரிகிறது. கால் கடுக்கிறதென்று வெந்நீரில் வைத்து வேகவைத்துக்கொண்டவர்களும், மோட்டார் சைக்கிளின் சைலன்சரில் கணுக்காலைச் சுட்டுக்கொண்டவர்களும், செருப்புக்குள் கிடந்த கல்லோடு நாள் முழுவதும் நடந்தவர்களும் அந்தச் சிகிச்சை அறையில் சகஜம்.

மாவுக்கட்டுக்கு முன்னால் செய்யவேண்டிய சோதனை ஒன்றுண்டு. இரத்தம் எட்டாத காலில் எந்த வைத்தியமும் பலிக்காதாகையால், கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கணுக்கால் அளவு, கை அளவில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே இறங்கினால் தமனியில் அடைப்பு என்று பொருள். சர்க்கரை வியாதியில் தமனிச் சுவர் சுண்ணாம்பு ஏறி இறுகி, பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டுவதும் உண்டென்பதால், வேறு சோதனைகளையும் சேர்த்தே முடிவு செய்வார்கள். அடைப்பை பலூன் விட்டோ, மாற்றுக் குழாய் தைத்தோ நீக்கிய பிறகு, பல மாதம் கருத்துக் கிடந்த புண் சிவக்கத் தொடங்குவதை இரத்தக் குழாய் நிபுணர்கள் காண்கிறார்கள். பீடி சிகரெட்டை விடாதவருக்கு அந்தப் பாக்கியம் நீடிப்பதில்லை.

சிரை சுருட்டிக்கொண்ட காலில், உள் கணுக்காலுக்குச் சற்று மேலே, தோல் கருத்து அரித்து வரும் புண்ணின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே இரத்தம் வருகிறது. மேலேறித் திரும்பத்தான் வழியில்லை. ஆகவே விரலடியிலிருந்து முழங்கால்வரை அடுக்கடுக்காக இறுக்கிக் கட்டி, கணுக்காலில் ஏறத்தாழ நாற்பது மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்கும்படி செய்வதே பிரதான சிகிச்சை. தமனியில் அடைப்புள்ள காலை அவ்விதம் கட்டினால் காலே போய்விடக்கூடும். ஆதலால்தான் முன்சொன்ன சோதனையை யாரும் தாண்டிப் போகக்கூடாது. கெட்டுப்போன சிரையை உள்ளிருந்தே மூடிவிடும் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் ஆரம்பத்திலேயே செய்துகொண்டவர்களுக்கு நடுமட்டக் கணக்கில் 56 நாளிலும், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாளிலும் புண் ஆறியதாக இங்கிலாந்தில் நடந்து 2018-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. படுத்த படுக்கையாய் இருப்பவரின் முதுகடியிலும் குதிகாலிலும் வரும் படுக்கைப் புண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கும் மருமகளோ மகனோதான் அதற்கு மகா வைத்தியர்.

இனி, புண்ணின்மேல் என்ன போடுவது என்னும் கேள்வி. "காற்றுப் படட்டும், காயட்டும்" என்பது நம் வீடுகளில் பாட்டிமார் விட்டுச்சென்ற கட்டளை. ஜார்ஜ் விண்டர் என்பவர் 1962-இல் பன்றிகளின் தோலில் காயங்கள் உண்டாக்கி, பாதியைத் திறந்து விட்டு, பாதியைப் பாலிதீன் தாளால் மூடிவைத்துப் பார்த்தபோது, மூடி ஈரமாய் வைத்தவை ஏறத்தாழ இரட்டை வேகத்தில் புதுத்தோல் போர்த்துக்கொண்டன. பொருக்கு தட்டிய புண்ணில் புதுத்தோல் அந்தப் பொருக்கின் அடியில் புகுந்து வழி குடைந்துகொண்டு வரவேண்டும். ஈரமான பரப்பில் தடையின்றிப் படரும். இன்றுள்ள நுரைக் கட்டு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் நார்க் கட்டு முதலிய அனைத்தும் இந்தத் தத்துவத்தின் சந்ததிகளே. ஊற்றியதும் பொங்கி நுரைக்கும் திராவகம் புண்ணைச் சுத்தம் செய்வதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், புதுச்சதையின் அணுக்களையும் சேர்த்தே கொல்கிறது. தினமும் அதை ஊற்றுவது வளர்த்த பயிரைத் தினமும் பிடுங்குவதற்குச் சமானம். கொல்லாஜன் என்னும் புரதத்தாலான தகடும் இப்போது நம் ஆஸ்பத்திரிகளில் பெருவழக்காயிருக்கிறது. வடுவுக்கும் தோலுக்கும் சட்டமாக நிற்கும் அந்தப் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்பதை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்கு அறிவித்தவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

செத்த திசுவை நீக்கக் கத்தியை விட நுட்பமான கருவியாகப் புழுவையே பயன்படுத்துவோரும் உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது, ஏழு நாள் கவனிப்பாரற்றுக் கிடந்த இரண்டு சிப்பாய்களின் புண்களில் புழு நெளிவதையும், அதைக் கழுவிய பின் அடியில் ஆரோக்கியமான சதை இருந்ததையும் கண்டு அதிசயித்த வில்லியம் பேயர் என்னும் அமெரிக்க வைத்தியர், பிற்பாடு கிருமிநீக்கி வளர்த்த புழுக்களைக் கொண்டே எலும்புச் சீழுக்குச் சிகிச்சை செய்தார். பென்சிலின் வந்ததும் மறைந்துபோன அந்த முறைக்கு 2004-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. கேட்க அருவருப்பாயிருந்தாலும், செத்ததை மட்டும் தின்று உயிருள்ளதை விட்டுவிடும் விவேகம் அந்த ஜந்துக்கு இருக்கிறது. வீட்டு ஈ முட்டையிட்டு வந்த புழுவுக்கு இந்தப் புகழ்ச்சி பொருந்தாது என்பதை வாசகர் மறக்கவேண்டாம்.

புண்ணைப் பஞ்சுநுரையால் நிரப்பி, காற்றுப் புகாத தாளால் மூடி, யந்திரத்தால் 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சி நீரை வெளியேற்றும் முறை, 1990-களில் அமெரிக்காவில் ஆர்ஜெண்டா, மோரிக்வாஸ் என்னும் இருவரால் பிரசித்தமாயிற்று. அறுவைக்குப் பிறகு எஞ்சும் பெரிய, ஆழமான புண்களுக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. அழுத்தமேற்றிய அறையில் உட்காரவைத்துத் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்யும் சிகிச்சையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு மனமில்லை. தேர்ந்தெடுத்த சிலருக்கு அது பயன்படக்கூடும். ஆராய்ச்சிகளின் தீர்ப்போ ஒருமுகமாயில்லை. முப்பது நாற்பது தடவை போய்வரச் செலவும் அதிகம். காலடியின் பாரத்தைக் குறைக்காமல், தமனியின் அடைப்பைப் பார்க்காமல், நேரே அந்த அறைக்கு அனுப்பும் இடத்தில் நான் சந்தேகப்படுவேன்.

பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டை, மீன், பருப்பு தின்றால் சீழ் வைக்கும் என்று சொல்லி, புண்ணோடிருப்பவருக்கு மாதக்கணக்கில் கஞ்சியும் ரசம் சாதமும் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. புதுச்சதை புரதத்தினால் ஆனது. கசியும் நீரோடு தினமும் புரதம் வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்குப் புரதத்தைக் குறைப்பது புண்ணைப் பட்டினி போடுவதேயாகும்.

சர்க்கரை வியாதியுள்ள வாசகர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது இது. இரவில் படுக்குமுன் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டிலுள்ள பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். செருப்பைக் காலில் மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். வெந்நீரை முழங்கையால் சோதித்த பின்னரே காலை வையுங்கள். காய்ப்பையும் ஆணிக்காலையும் பிளேடால் நீங்களே சீவவேண்டாம். வருஷம் ஒருமுறை அந்த நைலான் இழைச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். புண் வந்துவிட்டால், வலிக்கவில்லையே என்று ஒருநாளும் ஆறுதல் கொள்ளாதீர்கள். வலிக்காததே அதன் கொடுமை. நன்றாய்க் கட்டுப் போட்டு வந்தும் நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், அதே சிகிச்சை தொடர்ந்து அது தானாக ஆறும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தெருமுனைக் கம்பவுண்டரிடம் ஐந்தாவது வாரமும் கட்டு மாற்றாமல், பாதச் சிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். காய்ச்சலோ, கால் சிவந்து வீங்குவதோ, விரல் கருப்பதோ கண்டால் நாலு வாரம் என்ன, மறுநாள் காலைவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.